எஸ்டி கார்டைக் கழற்றினால் மறுபடி ஆண்ட்ராய்டே வருகிறது: ஏ13 டேப்லெட்டை உள் ஃபிளாஷிலிருந்து பூட் செய்வது எப்படி?

#1 · ஜெராக்ஸ்_கடை

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் பழைய 7 அங்குல டேப்லெட் ஒன்று இருக்கிறது. பின்பக்கம் பெயர்கூடக் கிடையாது. உள்ளே ஆல்வின்னர் ஏ13 சில்லு, 512 எம்பி ராம், 4 ஜிபி உள் சேமிப்பு, ஆண்ட்ராய்டு 4.0. கடை கவுண்டரில் விலைப்பட்டியல் காட்டும் பலகையாக அதை மாற்றலாம் என்று இறங்கினேன். யூ-பூட்டில் (கெர்னலை ஏற்றித் தொடங்கிவைக்கும் நிரல்) க்யூ8 ஏ13 டேப்லெட்டுக்கான டெஃப்கான்ஃபிக், அதாவது தயார் அமைப்புக் கோப்பு, இருந்தது. அதைக் கட்டி எஸ்டி கார்டில் எழுதி டெபியன் லினக்ஸ் போட்டேன். நன்றாக ஓடுகிறது.

சிக்கல் கார்டு செருகும் இடத்தில்தான். அதன் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. யாராவது மேஜையைத் தட்டினால் போதும், கார்டு வெளியே வந்துவிடும். அடுத்த நிமிடம் விலைப்பட்டியல் இருந்த இடத்தில் ஆண்ட்ராய்டு லோகோ நிற்கும். வாடிக்கையாளர் "அண்ணே, கேம் விளையாடுறீங்களா" என்கிறார்.

அதனால் உள் ஃபிளாஷிலிருந்தே பூட் ஆகட்டும் என்று நினைத்தேன். ஓடிஜி கேபிளில் கீபோர்டு மாட்டி, யூ-பூட் எண்ணத் தொடங்கியதும் ஒரு கீயை அழுத்தி நிறுத்தி, பூட்சிஎம்டியை (எதை ஏற்றுவது என்று சொல்லும் வரி) மாற்றி, சேமிக்கும் கட்டளையான சேவ்என்வ் கொடுத்தேன். "சேவ் ஆயிற்று" என்றும் வந்தது. கார்டைக் கழற்றி ஆன் செய்தால் பழைய ஆண்ட்ராய்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி. மூன்று தடவை செய்து பார்த்துவிட்டேன். எங்கே தப்பு?

#2 · கம்பியில்லாதவன்

கார்டு மேல் ஒரு செலோடேப் ஒட்டுங்கள். வேலை முடிந்தது.

#3 · பழைய_சில்லு

செலோடேப் நல்ல யோசனைதான், சிரிக்கவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

நீங்கள் மாற்றியது கார்டில் இருக்கும் யூ-பூட்டின் அமைப்பை. கார்டைக் கழற்றும்போது அந்த யூ-பூட்டும், நீங்கள் சேமித்த பூட்சிஎம்டியும் கார்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடுகின்றன. உள்ளே இருக்கும் ஃபிளாஷில் வேறொரு யூ-பூட் இருக்கிறது. தயாரித்தவர் வைத்தது. அதற்கு உங்களைத் தெரியவே தெரியாது.

ஏ13-ல் மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது சில்லுக்குள்ளேயே பொறித்த பூட் ரோம். அதை யாராலும் மாற்ற முடியாது, அழிக்கவும் முடியாது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். அது முதலில் எஸ்டி கார்டைப் பார்க்கும். கார்டின் ஆரம்பத்திலிருந்து 8 கேபி தள்ளி "ஈகான்.பிடி0" என்ற அடையாளம் இருக்கிறதா என்று தேடும். இருந்து, செக்சம்மும் சரியாக இருந்தால் அங்கே உள்ள சின்ன நிரலை சில்லின் உள் எஸ்ராமில் ஏற்றி ஓட்டும். அதுதான் எஸ்பிஎல். கார்டில் எழுதும் டிடி கட்டளையில் பிஎஸ் 1024, சீக் 8 (1024 பைட் துண்டுகளில் 8 தள்ளி) என்று கொடுத்திருப்பீர்களே, அந்த 8 இதுதான். எஸ்பிஎல்லின் வேலை வெளியே உள்ள டிடிஆர் ராமை எழுப்பி, முழு யூ-பூட்டை அதில் ஏற்றுவது. ராம் எழும்பாமல் பெரிய நிரல் எதையும் ஏற்ற இடமில்லை. அதனால்தான் இத்தனை படிக்கட்டு.

கார்டு இல்லையென்றால் பூட் ரோம் நேண்ட் என்ற உள் ஃபிளாஷுக்குப் போகும். அங்கும் இல்லையென்றால் இரண்டாவது எம்எம்சி (கார்டு வகைச் சேமிப்பு), அப்புறம் எஸ்பிஐ ஃபிளாஷ். எதுவுமே கிடைக்காவிட்டால் யூஎஸ்பியில் ஃபெல் என்ற நிலைக்குப் போய், கணினி கூப்பிடும் வரை காத்திருக்கும்.

ஆகவே உங்கள் கேள்வி "பூட்சிஎம்டியில் என்ன எழுதுவது" என்பதல்ல. உள்ளே இருப்பது நேண்டா இஎம்எம்சியா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

#4 · ஜெராக்ஸ்_கடை

அட! கார்டில் உள்ள யூ-பூட்டிடம் சொல்லிவிட்டு அதையே கழற்றி எடுத்திருக்கிறேன். வீட்டுக் காவலாளியிடம் சாவியைக் கொடுத்து, அவரை ஊருக்கும் அனுப்பிய கதை.

உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? டெபியனில் எம்எம்சி என்று தேடினால் கார்டு மட்டும்தான் தெரிகிறது.

#5 · மதி_லினக்ஸ்

அப்படியானால் அது நேண்ட்தான். ஏ13 டேப்லெட்களில் பெரும்பாலும் நேண்ட். ஆண்ட்ராய்டில் ஏடிபி ஷெல் (கணினியிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) திறந்து, டெவ் அடைவில் பிளாக் என்பதற்குள் பாருங்கள். நேண்ட்ஏ, நேண்ட்பி, நேண்ட்சி என்று வரிசையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இனி கெட்ட செய்தி. நேண்ட் வேறு, இஎம்எம்சி வேறு. இஎம்எம்சிக்குள் ஒரு குட்டிக் கன்ட்ரோலர் உட்கார்ந்து, கெட்டுப்போன பிளாக்கை ஒதுக்குவது, பிழை திருத்துவது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். நமக்கு அது ஒரு கார்டு மாதிரிதான். வெறும் நேண்டில் அந்த வேலையெல்லாம் நம் தலையில்.

இந்த மாதிரி 4 ஜிபி டேப்லெட்டில் இருப்பது எம்எல்சி நேண்ட். ஒரு செல்லில் இரண்டு பிட். அந்த இரண்டு பிட்டும் வெவ்வேறு பக்கங்களுக்குச் சொந்தம். ஒரு பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், அதன் ஜோடியாக எப்போதோ எழுதி முடித்த பக்கமும் கெட்டுப்போகலாம். நேற்று சேமித்த ஃபைல் இன்று எழுதியதால் போவது என்றால் எந்த ஃபைல் சிஸ்டம் தாங்கும்? இதனால்தான் மெயின்லைன் கெர்னலில் (லினக்ஸின் அதிகாரபூர்வப் பொதுப் பதிப்பு) யூபிஐ (கடையில் காசு வாங்கும் யூபிஐ இல்லை, ஃபிளாஷைக் கையாளும் அடுக்கு) எம்எல்சி நேண்டை ஏற்க மறுக்கிறது. எஸ்எல்சி (ஒரு செல்லில் ஒரே பிட்) போல, ஜோடியில் ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்தும் வழி ஒன்று பின்னால் சேர்ந்தது. கொள்ளளவு பாதியாகும், உங்கள் 4 ஜிபி 2 ஜிபி ஆகிவிடும். கடைப் பலகைக்கு அது போதும்தான்.

இதே சில்லுக் குடும்பத்து ஆர்8-ஐ வைத்து 2015-ல் கிக்ஸ்டார்ட்டரில் 9 டாலருக்கு வந்த சிப் கணினி ஞாபகம் இருக்கிறதா? அதிலும் எம்எல்சி நேண்ட்தான். மெயின்லைனில் இந்த விஷயம் இவ்வளவு தூரம் நகர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

#6 · ஜெராக்ஸ்_கடை

நேண்ட்ஏ முதல் வரிசையாக இருக்கிறது. நேண்ட்தான்.

மதி, நீங்கள் சொன்ன எஸ்எல்சி வழியையே பிடிக்கலாமா?

#7 · பழைய_சில்லு

செய்யலாம். ஆனால் முதல் முயற்சியாக வேண்டாம் என்பேன். பூட் ரோம் நேண்டைப் படிக்கும் விதம் தனி. 1024 பைட்டுக்கு ஒரு பிழைதிருத்தக் கணக்கு, அதன் மேல் நிலையான விதை எண் வைத்துத் தரவைக் கலைத்துப்போடுவது என்று அதற்கென்று ஒரு வடிவம். எஸ்பிஎல்லை அந்த வடிவத்தில் மாற்ற யூ-பூட்டோடு ஒரு கருவி வருகிறது, சன்சி எஸ்பிஎல் இமேஜ் பில்டர் என்று. அதற்கு உங்கள் நேண்டின் பக்க அளவு, ஓஓபி (பக்கத்தோடு ஒட்டிய உபரி இடம்) அளவு, பிளாக் அளவு எல்லாம் சரியாகக் கொடுக்க வேண்டும். அதோடு அந்த வழியில் போனால் தயாரித்தவர் வைத்த எல்லாவற்றையும் முதலில் அழித்தாக வேண்டும். பாதியில் நின்றால் ஆண்ட்ராய்டும் இல்லை, டெபியனும் இல்லை.

எளிய வழி, இருக்கும் படிக்கட்டிலேயே ஏறுவது. உங்கள் நேண்டில் இப்போது நடப்பது இது. பூட் ரோம் நேண்டின் முதல் பிளாக்குகளில் உள்ள பூட்0-ஐ ஏற்றுகிறது. பூட்0 ராமை எழுப்பி பூட்1-ஐ ஏற்றுகிறது. இவை இரண்டும் பார்ட்டிஷன்களுக்கு வெளியே, முன்னால் இருக்கின்றன. பூட்1 எழுந்ததும் நேண்ட்ஏ-வைத் திறக்கிறது. அது சாதாரண ஃபேட் பார்ட்டிஷன். உள்ளே ஸ்கிரிப்ட்.பின் இருக்கும், பூட்.ஏஎக்ஸ்எஃப் இருக்கும், லினக்ஸ் என்ற ஃபோல்டரில் யூ-பூட்.பின்னும் இருக்கும். அந்த யூ-பூட் தன் அமைப்புகளை நேண்ட்பி-யிலிருந்து படிக்கிறது. நேண்ட்சி-யில் உள்ள ஆண்ட்ராய்டு பூட் இமேஜை ஏற்றி ஓட்டுகிறது. நேண்ட்டி சிஸ்டம், நேண்ட்ஈ டேட்டா.

பூட்0, பூட்1, நேண்ட்ஏ மூன்றையும் தொடவே வேண்டாம். நேண்ட்சி-யில் நம் கெர்னலை வைத்து, நேண்ட்பி-யில் இரண்டு வரி மாற்றி, நேண்ட்ஈ-யில் டெபியனை இறக்கினால் போதும்.

இதற்கு ஒரு விலை உண்டு. மெயின்லைன் கெர்னலுக்கு இந்த நேண்ட்ஏ, நேண்ட்பி எல்லாம் தெரியாது. அந்தப் பார்ட்டிஷன் முறை தயாரித்தவருடைய நேண்ட் டிரைவர் சொந்தமாக உருவாக்கியது. ஆகவே ஆல்வின்னர் சில்லுகளுக்கென்று சன்சி குழு வைத்திருந்த 3.4 கெர்னல்தான். பழையது, பாதுகாப்புத் திருத்தம் வராது. பலகை இணையத்தில் இருக்குமா?

மிக முக்கியம்: எதையும் எழுதும் முன் நேண்ட்ஏ, பி, சி மூன்றையும் அப்படியே ஃபைலாக எடுத்து வையுங்கள். ஏடிபி ஷெல்லில் டிடி போதும், இந்தப் பழைய டேப்லெட்கள் பலவற்றில் ஏடிபி ரூட்டாகவே திறக்கும்.

#8 · ஜெராக்ஸ்_கடை

இணையம் வேண்டாம் சார், விலைப்பட்டியல் படம் மட்டும்தான். பேக்கப் மூன்றும் எடுத்துவிட்டேன். எஸ்டி கார்டு அடைவில் வைத்திருக்கிறேன்.

#9 · கம்பியில்லாதவன்

செலோடேப் இன்னும் இரண்டு ரூபாய்தான்.

#10 · ஜெராக்ஸ்_கடை

ஒரு தப்பு பண்ணிவிட்டேன்.

நேற்று இரவு பொறுமை இல்லாமல், கார்டில் எழுதிய அதே யூ-பூட் ஃபைலை, அதே டிடி கட்டளையில், அதே சீக் 8 போட்டு நேண்ட்ஏ-வில் எழுதினேன். கார்டுக்கு வேலை செய்தது இதற்கும் செய்யும் என்று ஒரு நம்பிக்கை. இப்போது கார்டு இல்லாமல் ஆன் செய்தால் கறுப்புத் திரை. லோகோகூட வரவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாலும் ஒன்றுமில்லை.

இதற்கு மேல் ஒரு கேவலம் இருக்கிறது. பேக்கப்பை வைத்த "எஸ்டி கார்டு" அடைவு கார்டே இல்லையாம். கார்டைக் கணினியில் செருகிப் பார்த்தால் ஒரு ஃபைலும் இல்லை.

#11 · மதி_லினக்ஸ்

ஐயோ. ஆண்ட்ராய்டு 4.0-வில் எம்என்டி எஸ்டிகார்டு என்பது உள் நினைவகம். இந்த மாதிரி டேப்லெட்களில் வெளியே செருகும் கார்டுக்குப் பெயர் எக்ஸ்ட்எஸ்டி. நானும் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். வீடு தீப்பிடித்தால் எடுக்கலாம் என்று பத்திரத்தை அந்த வீட்டு பீரோவிலேயே வைத்த மாதிரி.

ஆனால் பதற வேண்டாம். பழைய_சில்லு சார் சொன்னதை மறுபடி படியுங்கள்: பூட் ரோமை யாராலும் அழிக்க முடியாது.

#12 · பழைய_சில்லு

தம்பி, டேப்லெட் சாகவில்லை. டெபியன் கார்டைச் செருகி ஆன் செய்து பாருங்கள், வரும். பூட் ரோம் முதலில் பார்ப்பது கார்டைத்தான். நேண்டில் என்ன குப்பை இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

என்ன நடந்தது என்றால், நேண்ட்ஏ ஒரு ஃபேட் பார்ட்டிஷன் என்றேன் இல்லையா. அதில் 8 கேபி தள்ளி எழுதியபோது எந்த ஃபைல் எங்கே என்று குறித்து வைத்திருக்கும் அட்டவணை மேலேயே எழுதிவிட்டீர்கள். பூட்0, பூட்1 இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. பூட்1 எழுந்து பூட்.ஏஎக்ஸ்எஃப்-ஐத் தேடுகிறது, கிடைக்கவில்லை, அங்கேயே நிற்கிறது. அதுதான் கறுப்புத் திரை.

கார்டில் பூட் ரோம் 8 கேபியைத் தேடுகிறது என்பதற்காக எல்லா இடத்திலும் 8 கேபி என்று ஆகாது. நேண்ட்ஏ என்பது நேண்டின் ஆரம்பம் கூட இல்லை.

இப்போது வேண்டியது, நேண்டைப் பார்க்கத் தெரிந்த 3.4 கெர்னல் உள்ள கார்டு. உங்கள் மெயின்லைன் கார்டைத் தொட வேண்டாம், இன்னொரு கார்டில் அதை உருவாக்குங்கள். அதில் பூட் செய்தால் டெவ் அடைவில் நேண்ட்ஏ முதல் எல்லாம் வரும். கடைசிப் பக்கம் இருக்கும் பெரிய ஃபேட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்யுங்கள், படிக்க மட்டும். அதுதான் ஆண்ட்ராய்டு எஸ்டிகார்டு என்று பொய் சொன்ன இடம். உங்கள் பேக்கப் அங்கே இருக்கும்.

3.4 கெர்னலுக்கு ஸ்கிரிப்ட்.பின் வேண்டும், டிவைஸ் ட்ரீ (மெயின்லைன் படிக்கும் வன்பொருள் குறிப்பு) அதற்குத் தெரியாது. திரை, ராம், பின்கள் எல்லாவற்றின் குறிப்பும் அந்தப் பைனரியில்தான். நேண்ட்ஏ-வின் பேக்கப்பில் ஒன்று இருக்கிறது, ஆனால் பேக்கப்பே நேண்டுக்குள் மாட்டிக்கொண்டது. முதல் தடவைக்கு இதே க்யூ8 வகை டேப்லெட்டின் ஃபெக்ஸ் ஃபைலை (அதே குறிப்பின் எழுத்து வடிவம்) சன்சி குழுவின் தொகுப்பிலிருந்து எடுத்து, ஃபெக்ஸ்2பின் என்ற கருவியில் பைனரியாக மாற்றுங்கள். திரை கொஞ்சம் கோணலாக வந்தாலும் பரவாயில்லை, ஃபைலை எடுக்கத்தானே போகிறோம்.

#13 · ஜெராக்ஸ்_கடை

டெபியன் வந்துவிட்டது!! கார்டைச் செருகியதும் சாதாரணமாக வந்தது. காலையிலிருந்து சாப்பிடவே இல்லை, இப்போதுதான் டீ குடிக்கிறேன்.

3.4 கார்டு தயாரிக்கிறேன்.

#14 · சும்மா_பார்க்கிறேன்

இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம். ஒருவேளை கார்டு செருகும் இடமே வேலை செய்யாவிட்டால் இவர் கதை முடிந்திருக்குமா?

#15 · பழைய_சில்லு

இல்லை. ஃபெல் இருக்கிறது. கார்டிலும் நேண்டிலும் சரியான அடையாளம் எதுவும் கிடைக்காவிட்டால் பூட் ரோம் தானாக ஃபெல்லுக்குப் போகும். அப்போது யூஎஸ்பி கேபிளைக் கணினியில் மாட்டி எல்எஸ்யூஎஸ்பி பார்த்தால் 1எஃப்3ஏ:இஎஃப்இ8 என்று ஒன்று தெரியும். சன்சி-ஃபெல் என்ற கருவியால் எஸ்பிஎல், யூ-பூட், கெர்னல் எல்லாவற்றையும் கேபிள் வழியாகவே ராமில் ஏற்றி ஓட்டலாம். ஃபிளாஷைத் தொடவே தேவையில்லை. புது யூ-பூட்டைச் சோதிக்க நான் எப்போதும் இப்படித்தான் செய்வேன். தப்பானால் ரீசெட், அவ்வளவுதான்.

இவர் விஷயத்தில் பூட்0 நன்றாக இருப்பதால் பூட் ரோம் தானாக ஃபெல்லுக்குப் போகாது, அதற்கு நேண்ட் சரியாகத்தான் தெரிகிறது. பாதி கெட்டது முழுதாகக் கெட்டதைவிடத் தொல்லை. அப்போது வால்யூம் பட்டனைப் பிடித்துக்கொண்டு பவரை அழுத்தும் தந்திரம் பல டேப்லெட்களில் உண்டு. கார்டு வேலை செய்தால் அதைவிட எளிதான வழி, ஃபெல்-எஸ்டிபூட் என்ற ஒரு சின்னக் கோப்பைக் கார்டில் 8 கேபி தள்ளி எழுதுவது. அதன் வேலை ஒன்றே ஒன்று, நேராக ஃபெல்லுக்குத் தாவுவது.

#16 · மதி_லினக்ஸ்

சீரியல் (பூட் ஆகும்போது வரும் செய்திகளைக் கணினியில் படிக்கும் வழி) பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தச் சில்லில் யூஆர்ட் 0 என்ற சீரியல் இணைப்பு எஸ்டி கார்டின் பின்களையே பகிர்ந்துகொள்கிறது. டேப்லெட்டைத் திறக்காமல், கார்டு வடிவத்தில் பின்களை வெளியே எடுக்கும் சின்னப் பலகையைச் செருகி சீரியல் பார்க்கலாம். ஆனால் அப்போது கார்டு செருக இடமில்லை, அதனால் ஃபெல் வழியாக ஏற்ற வேண்டும். வேகம் 115200. யூஎஸ்பி-சீரியல் மாட்யூல் 3.3 வோல்ட்டில் இருக்க வேண்டும். கடையில் 5 வோல்ட்டைக் கொடுத்து "எல்லாம் ஒன்றுதான்" என்பார்கள். ஒன்றில்லை.

#17 · ஜெராக்ஸ்_கடை

பேக்கப் மூன்றும் கிடைத்தது. கணினிக்கு மாற்றி, பென்டிரைவிலும் ஒரு பிரதி போட்டு, மச்சானுக்கும் அனுப்பிவிட்டேன். நேண்ட்ஏ-வைத் திருப்பி எழுதினேன். கார்டைக் கழற்றி ஆன் செய்தேன். அந்த ஆண்ட்ராய்டு லோகோவைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை.

சரி, இந்தத் தடவை ஒழுங்காகச் செய்கிறேன். நேண்ட்பி-யின் பேக்கப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். உள்ளே தெளிவாகவே படிக்க முடிகிறது. பூட்டிலே (பூட் ஆகும் முன் காத்திருக்கும் நொடிகள்) 0, நேண்ட்_ரூட் என்பதில் நேண்ட்டி, இனிட் (கெர்னல் முதலில் ஓட்டும் நிரல்) என்பதில் வெறும் இனிட். அப்புறம் பூட்_நார்மல் என்று ஒரு வரி: நேண்ட் ரீட் 40007800 பூட், பூட்டா 40007800. இந்த எண்ணை மாற்ற வேண்டுமா? நான் தேடிய இடத்தில் எல்லாம் கெர்னல் 40008000-ல் ஏற வேண்டும் என்றுதான் போட்டிருக்கிறது.

#18 · பழைய_சில்லு

தொடாதீர்கள், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஏ13-ல் ராம் ஹெக்ஸில் 40000000-ல் தொடங்குகிறது. கெர்னல் அதிலிருந்து 8000 தள்ளி, அதாவது 40008000-ல் நிற்க வேண்டும். ஆனால் நேண்ட்சி-யில் இருப்பது வெறும் கெர்னல் இல்லை, ஆண்ட்ராய்டு பூட் இமேஜ். அதன் முதல் 2 கேபி தலைப்பு. ஆரம்பத்தில் "ஆண்ட்ராய்டு!" என்று ஆச்சரியக்குறியோடு 8 எழுத்து இருக்கும், ஹெக்ஸ் எடிட்டரில் பாருங்கள். 2 கேபி என்றால் ஹெக்ஸில் 800. 40008000-லிருந்து 800-ஐக் கழித்தால் 40007800. இமேஜை மொத்தமாக அங்கே படித்துவிட்டால், தலைப்பு முன்னால் போய், கெர்னல் தன் இடத்தில் அச்சாக உட்கார்ந்துவிடும். நகர்த்தி வைக்கும் வேலையே இல்லை. இதை எழுதியவர் கெட்டிக்காரர்.

உங்கள் இமேஜைக் கட்டும்போது பேஸ் 40000000, பக்க அளவு 2048 என்று கொடுங்கள். இரண்டில் ஒன்று மாறினாலும் இந்தக் கணக்கு குலைந்துவிடும்.

ஸ்கிரிப்ட்.பின்னைப் பற்றி இந்த வழியில் கவலை வேண்டாம். பூட்1 அதை நேண்ட்ஏ-விலிருந்து எடுத்து 43000000-ல் ஏற்கனவே வைத்திருக்கும், 3.4 கெர்னல் அங்கேதான் தேடும்.

#19 · ஜெராக்ஸ்_கடை

புரிந்தது, அழகாக இருக்கிறது. 3.4 கெர்னலைக் கட்டி இமேஜாக்கி நேண்ட்சி-யில் எழுதிவிட்டேன். நேண்ட்ஈ-யை இஎக்ஸ்டி4 ஆக்கி டெபியனை அதில் நிரப்பினேன். நேண்ட்பி-யில் ஹெக்ஸ் எடிட்டரிலேயே நேண்ட்டி-யை நேண்ட்ஈ என்று ஒரே ஓர் எழுத்து மாற்றினேன். இனிட்டை எஸ்பின்இனிட் ஆக்கினேன், மீதி எழுத்துகளைத் தள்ளிவிட்டு.

லோகோ வருகிறது. அங்கேயே நிற்கிறது. நான் மாற்றியது எதுவும் எடுபட்ட மாதிரியே தெரியவில்லை.

#20 · மதி_லினக்ஸ்

கையால் மாற்றினீர்களா? அதுதான். யூ-பூட் அமைப்புப் பகுதியின் முதல் 4 பைட் சிஆர்சி. மீதி முழுப் பகுதிக்கும் கணக்கிட்ட சரிபார்ப்பு எண். ஒரே ஓர் எழுத்து மாறினாலும் பொருந்தாது. பொருந்தாவிட்டால் யூ-பூட் சண்டை போடாது, திரையிலும் சொல்லாது. சீரியலில் மட்டும் "பேட் சிஆர்சி, யூசிங் டிஃபால்ட் என்விரான்மென்ட்" என்று ஒரு வரி முணுமுணுத்துவிட்டு, தன் உள்ளேயே இருக்கும் பழைய அமைப்பை எடுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதியது முழுவதும் குப்பை.

3.4 கார்டில் பூட் செய்து, எஃப்டபிள்யூ_செட்என்வ் என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். அதன் கான்ஃபிக் ஃபைலில் நேண்ட்பி, ஆஃப்செட் 0, அளவு என்று ஒரு வரி வேண்டும். அளவு சரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் சிஆர்சி அந்த முழு அளவுக்கும்தான். நான் பார்த்தவற்றில் 128 கேபி. உறுதி செய்துகொள்ள ஒரு வழி: முதலில் பழைய நேண்ட்பி பேக்கப்பைத் திருப்பி எழுதிவிட்டு எஃப்டபிள்யூ_பிரின்ட்என்வ் கொடுங்கள். சிஆர்சி பற்றி முணுமுணுக்காமல் எல்லா வரியையும் காட்டினால் அளவு சரி. முணுமுணுத்தால் எதையும் எழுத வேண்டாம்.

#21 · பழைய_சில்லு

இத்தோடு பூட்டிலேயையும் 3 ஆக்குங்கள். தயாரித்தவர் 0 வைத்திருப்பதால் நடுவில் நிறுத்தவே முடியாது. நாளைக்கு சீரியல் மாட்டினால் அந்த மூன்று நொடி உங்களைக் காப்பாற்றும்.

இன்னொன்று, நேண்ட் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டியிருக்கிறதா, மாட்யூலா? மாட்யூல் என்றால் அது இருக்கும் ஃபைல் நேண்ட்ஈ-யில், நேண்ட்ஈ-யைத் திறக்க அந்த மாட்யூல் வேண்டும். இனிட்ஆர்டி-யில் (கெர்னலோடு ராமில் ஏறும் சின்னத் தொகுப்பு) சேர்க்க வேண்டும், இல்லை கெர்னலிலேயே கட்ட வேண்டும். டெபியன் எந்தப் பதிப்பு?

#22 · ஜெராக்ஸ்_கடை

டிரைவர் மாட்யூலாகத்தான் இருந்தது!! மாற்றிக் கட்டுகிறேன். டெபியன் இப்போது கார்டில் உள்ள அதே புதியது, அப்படியே நகல் எடுத்தேன்.

#23 · பழைய_சில்லு

அது ஓடாது. புதிய டெபியனைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி 3.4 கெர்னலில் எழும்பாது. டெபியன் 7 போடுங்கள், "வீசி" என்ற பெயரில் வந்தது. ஏஆர்எம்எச்எஃப் (இந்த வகைச் சில்லுக்கான டெபியன்) அதிகாரபூர்வமாக வந்த முதல் பதிப்பே அதுதான், தொடங்கிவைப்பது பழைய சிஸ்வி இனிட், இந்தக் கெர்னலோடு சண்டை கிடையாது. 2013-ல் வந்தது, ஆதரவு முடிந்து பல வருடம் ஆயிற்று, பொதிகள் எல்லாம் டெபியன் ஆவணக் கிடங்கில்தான் கிடைக்கும். இணையமில்லாத விலைப்பலகை என்று நீங்கள் சொன்னதால்தான் இதைச் சொல்கிறேன். வைஃபையில் வைக்கப்போகிறீர்கள் என்றால் இந்த இழையையே மறந்துவிட்டுக் கார்டில் மெயின்லைன் ஓட்டுங்கள்.

#24 · கம்பியில்லாதவன்

கேட்க வேண்டாம் என்று பார்த்தேன், கேட்டுவிடுகிறேன். ஆதரவே இல்லாத கெர்னல், ஆதரவே இல்லாத டெபியன், எழுத எழுதத் தேயும் எம்எல்சி. இதற்காக மூன்று வாரம். நான் ஒன்றும் கிண்டலுக்குச் சொல்லவில்லை, கார்டு ஸ்லாட்டை மாற்ற ஒரு மொபைல் கடைக்காரர் இருபது நிமிடம் எடுப்பார்.

#25 · பழைய_சில்லு

நியாயமான பேச்சு. எனக்கும் அந்த ஸ்லாட்டை மாற்றுவதுதான் நல்லது என்று தோன்றுகிறது. ஆனால் அவர் கேட்டது அது இல்லை.

#26 · மதி_லினக்ஸ்

தேய்மானம் பற்றி: படம் காட்டும் பலகை எழுத வேண்டிய அவசியமே இல்லை. ரூட்டைப் படிக்க மட்டும் மவுன்ட் செய்து, டிஎம்பியையும் லாக்கையும் டிஎம்பிஎஃப்எஸ்ஸில், அதாவது ராமில், போட்டுவிடுங்கள். கடையில் ஷட்டரை இறக்கும்போது மெயின் சுவிட்சையே அணைப்பீர்கள்தானே? எம்எல்சிக்கு அதுதான் விஷம், எழுதாவிட்டால் பயமில்லை. விலை மாற்ற வேண்டிய நாளில் மட்டும் எழுதும்படி மவுன்ட் செய்து, படத்தை மாற்றி, சிங்க் கொடுத்து, மறுபடி பூட்டிவிடுங்கள்.

#27 · ஜெராக்ஸ்_கடை

கார்டு இல்லாமல் டெபியன் வந்துவிட்டது. ஸ்லாட் காலி, ஒரு தூசி கூட இல்லை.

யாருக்காவது உதவும் என்று கடைசியில் இருக்கும் அமைப்பை எழுதுகிறேன். பூட்டிலே 3. நேண்ட்_ரூட் நேண்ட்ஈ. இனிட் எஸ்பின் அடைவில் உள்ளது. பூட்_நார்மல் வரியில் ஒன்றும் மாற்றவில்லை, அந்த 40007800 அப்படியே. எஃப்டபிள்யூ_பிரின்ட்என்வ் முதலில் முணுமுணுத்தது, அளவை ஒரு சைபர் குறைத்து எழுதியிருந்தேன். சரி செய்ததும் பேசாமல் எல்லாவற்றையும் காட்டியது. நேண்ட் டிரைவரைக் கெர்னலுக்குள் கட்டியபின்தான் ரூட்டை மவுன்ட் செய்தது.

பேட்டரி சார்ஜ் ஐகான் மட்டும் இன்னும் பழைய லோகோ பார்ட்டிஷனிலிருந்துதான் வருகிறது. பரவாயில்லை.

#28 · சும்மா_பார்க்கிறேன்

வாழ்த்துகள் அண்ணா. என்னிடம் இருப்பது ஏ33, ஆனால் உள்ளே இஎம்எம்சி. இதே வழியா?

#29 · பழைய_சில்லு

உங்களுக்கு வேலை பாதிதான். இஎம்எம்சி என்றால் மெயின்லைனே போதும், இரண்டாவது எம்எம்சியாகத் தெரியும். கார்டில் பூட் செய்து, பேக்கப் எடுத்து, கார்டுக்கு எழுதுவது போலவே 8 கேபி தள்ளி எழுதலாம். ஒரே ஒரு குழி உண்டு: ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணை போடாதீர்கள். அதன் பட்டியல் வழக்கமான அளவில் 17 கேபி வரை நீளும், உங்கள் எஸ்பிஎல் உட்காரும் 8 கேபி அதன் நடுவில் விழும். ஒன்றை எழுதினால் மற்றது போகும். பழைய எம்பிஆர் போடுங்கள், முதல் பார்ட்டிஷனை 1 எம்பியில் தொடங்குங்கள்.

பேக்கப்பை எங்கே வைக்கப்போகிறீர்கள்?

#30 · சும்மா_பார்க்கிறேன்

கணினியில். எக்ஸ்ட்எஸ்டி வழியாக. பெயரை இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

#31 · கம்பியில்லாதவன்

ஜெராக்ஸ்_கடை அண்ணே, காலியான ஸ்லாட்டில் தூசி போகாமல் ஒரு செலோடேப் ஒட்டிவிடுங்கள்.

#32 · ஜெராக்ஸ்_கடை

ஒட்டியாயிற்று.